மாமியாரின் கிதாரும் என் இடது கையும்

சுத்தமாகத் தெரியாத வேலையால் யாருக்கும் பெரிய ஆபத்து வருவதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். நமக்குத் தெரிந்த வேலையைப் போலவே தோற்றம் காட்டுகிற இன்னொரு வேலை இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். டிராக்டர் ஓட்டுகிறவர் படகு ஓட்டிப் பார்ப்பது, தோசை வார்க்கிறவர் கேக் செய்து பார்ப்பது எல்லாம் இந்த ரகம். ப்ளைவுட் பலகைக்கு விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்த நான் கிதாருக்கு விளிம்பு ஒட்டப் போனதும் இதே ரகம்தான்.

எனக்கு சேதராப்பட்டில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் வேலை. அலமாரிக் கதவு, மேசைப் பலகை என்று வெட்டி வருகிற பலகைகளின் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்ட வேண்டும். எட்ஜ் பேண்ட் என்போம். ஒட்டிய பிறகு பலகையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையை டிரிம்மர் என்ற கை மெஷினால் சீவித் தள்ளி, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் ஓரம் மழமழவென்று ஆகிவிடும். என் டிரிம்மர் கை அந்த ஷிஃப்டிலேயே பேர் போனது (பேர் வைத்ததும் நான்தான், பரப்பியதும் நான்தான்).

அதே கம்பெனியில் லோடு அனுப்பும் பிரிவில் இருந்த அந்தோணியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். நான் குருவிநத்தத்துப் பெண், இந்து. அவருக்கு வில்லியனூர் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறைத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். மாமியார் ஆரோக்கியமேரி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. உண்மையில், எந்த வார்த்தையுமே அதிகம் பேசியதில்லை. "அப்டியா", "சரி", "அங்க வெய்யி". இந்த மூன்றை வைத்தே என்னோடு ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிட்டார்.

அவர் கிதார் வாசிப்பார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்டாராம். பிரான்சுக்குத் திரும்பிப் போன மதர் ஒருவர் தன்னுடைய கிதாரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடல் குழுவோடு உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாசிப்பார். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் அதே முகம்தான்.

அந்தக் கிதாரின் உடம்பைச் சுற்றி ஓரத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். அதற்குப் பைண்டிங் என்று பேர். பழசாகிச் சுருங்கியதில் அது இடுப்புப் பக்கம் பிடி விட்டு வில்லு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதன்மேல் பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தார். ஒருநாள் அது அவருடைய நல்ல புடவையில் மாட்டி நூலை இழுத்துவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாய் சும்மா இருந்ததா? நான் நாள் முழுக்கச் செய்கிற வேலையே இதுதான், பழசை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டித் தந்துவிடுகிறேன், பிரின்சி நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் புதுக் கிதார் மாதிரி வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்டியா" என்றார் அத்தை.

பிரின்சி என் நாத்தனார். மாப்பிள்ளை வீடு பாகூர். எல்லாம் பேசி முடிந்த பிறகு யாரோ புண்ணியவான் பாகூருக்குப் போய், அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒட்டுவதே இல்லை, பேச்சுவார்த்தையே கிடையாது, சீக்கிரம் ரெண்டு அடுப்பு ஆகிவிடும், அந்தச் சண்டைக்குள் போயா பெண் எடுக்கப் போகிறீர்கள் என்று ஓதிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா யோசிக்க ஆரம்பித்துவிட்டதாகத் தகவல் வந்தது. பிரின்சி அழுதாள். நிச்சயத்துக்கு வரட்டும், வந்து கண்ணால் பார்க்கட்டும் என்றார் அத்தை. பார்க்கும்போது என்ன காட்டப் போகிறோம் என்பதுதான் எனக்குக் கவலை. கிதாரையாவது பளபளவென்று காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நிச்சயதார்த்தம் ஞாயிறு. சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் கிதாரோடு ஏறினேன். பாடச் சொன்னார்கள். பாடவில்லை. சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் பெஞ்சில் போர்வை விரித்துக் கிதாரைப் படுக்க வைத்தேன். கம்பிகளைத் தளர்த்தி, ஹாட் ஏர் கன்னால் லேசாகச் சூடு காட்டி, கத்தி முனையை நுழைத்துப் பழைய பட்டையை இழுத்தேன். ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி அழகாக உரிந்து வந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் பழைய பசை கருப்புக் கருப்பாகக் காய்ந்து கிடந்தது. அதை மொத்தமாகச் சுரண்டி எடுத்தால்தான் புதுப் பசை மரத்தைப் பிடிக்கும். இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு, உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கிடங்கில் மிஞ்சிக் கிடந்த வெள்ளை எட்ஜ் பேண்டை அளவுக்கு நறுக்கி, பசை தடவி, பள்ளத்தில் வைத்து, காகித டேப்பால் இறுக்கிக் கட்டினேன். (ஆமாம், யாருடைய சமையலறை அலமாரிக்கோ வந்த பட்டைதான்.) பசை காய்ந்ததும் டேப்பைப் பிரித்தேன். பட்டை ஓரத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக நின்றது. இனி சீவ வேண்டியதுதானே. டிரிம்மரை ஆன் செய்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேசைப் பலகை தட்டையாக இருக்கும். கிதாரின் முன்பலகையும் பார்வைக்குத் தட்டைதான். ஆனால் அது லேசாக உப்பியிருக்கும், தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். டிரிம்மரின் அடித்தட்டு பதிந்து உட்கார அங்கே இடம் கிடையாது. தோள்பட்டை வளைவு வரைக்கும் மெஷின் சமர்த்தாக வந்தது. நான் பெருமையோடு சுற்றிலும் பார்த்தேன். இடுப்பு வளைவில் திரும்பும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. க்ரக் என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால், எலி கடித்த பிஸ்கட் மாதிரி பட்டையிலும் பக்கத்து மரத்திலும் ஒரு பிறை காணாமல் போயிருந்தது. பட்டையும் அந்த இடத்தில் மரத்தைவிட்டுக் கிளம்பி நின்றது.

பலகையில் பசைக் கறை துடைக்கிற ரிமூவரைத் துணியில் தொட்டு, சுற்றியிருந்த அழுக்கையாவது எடுப்போம் என்று ஒரு மூலையில் தேய்த்தேன். கிதாரின் பாலிஷ் பாலாடை மாதிரி சுருங்கிக்கொண்டு வந்தது. அதோடு துணியை வைத்துவிட்டேன். மீதி வேலையை அரத்தால் முடித்து, கிதாரைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், நாளை காலையில் தருகிறேன் என்றேன். "சரி" என்றார் அத்தை.

மறுநாள் காலை. வீட்டில் எல்லோரும் பரபரவென்று இருந்தார்கள். நான் நைட்டியோடு தோட்டத்துக் குழாயடியில் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடித்த இடத்தில் மரத்தூளை அடைத்து, சின்ன ட்யூபில் வருகிற உடனே பிடிக்கும் பசையைச் சொட்டு விட்டால் கல்லு மாதிரி ஆகிவிடும். கம்பெனியில் எத்தனையோ ஓட்டையை அப்படி மறைத்திருக்கிறோம். தூளை அடைத்தேன். இடது உள்ளங்கையால் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ட்யூபைப் பிதுக்கினேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பலமாகப் பிதுக்கினேன். முழு ட்யூபும் வந்தது. பசை பிறையை நிரப்பி, பட்டைக்கு அடியில் ஓடி, என் உள்ளங்கைக்குக் கீழே சூடாகப் பரவியது. கையை எடுக்கப் பார்த்தேன். கையோடு கிதாரும் எழுந்தது.

முதலில் நான் பதறவில்லை. யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்தேன். பிறகு பதறினேன். அந்தோணி வந்து பார்த்துவிட்டு, தங்கையின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுக்க ஓடினார். வேண்டாம் என்று கத்தினேன். அது பட்டால் கை விடும், ஆனால் பட்டையும் உருகும், பாலிஷும் போகும். முந்தின நாள் பாலாடையைக் கண்ணால் பார்த்தவள் நான். சோப்புத் தண்ணீரில் ஊற வைக்கலாமா என்றார். ஊற வைத்தால் மரம் உப்பிவிடும். கையைக் காப்பாற்றினால் கிதார் போச்சு, கிதாரைக் காப்பாற்றினால் கை போச்சு. நாங்கள் இப்படி விவாதித்துக்கொண்டிருந்தபோது அத்தை பின்கதவில் வந்து நின்றார்.

நான் எழுந்து நின்றேன். கிதாரும் எழுந்து நின்றது.

அவர் கிட்டே வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு கிதாரைச் சாய்த்து, கம்பியைத் தட்டிப் பார்த்தார். "சத்தம் வருது" என்றார். தண்ணியும் வேணாம், மருந்தும் வேணாம், இப்படியே கோயிலுக்கு வா, வாசித்து முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, தையல் டப்பாவை எடுக்க உள்ளே போனார்.

தையல் டப்பா எதற்கென்று அறைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. கையில் கிதாரோடு நைட்டியைக் கழற்றவும் முடியாது, ரவிக்கையைப் போடவும் முடியாது. எந்தக் கடையிலும் கிதார் நுழைகிற அளவுக்குக் கைவைத்த ரவிக்கை விற்பதில்லை. அத்தை நைட்டியின் இடது கையைக் கத்தரித்து எடுத்தார். பட்டு ரவிக்கையின் இடது கையையும் தோளையும் தையல் பிரித்தார். அதை என்மேல் சுற்றி, ஊசி கோத்து, என் உடம்போடு வைத்தே தைக்க ஆரம்பித்தார்.

"அசையாத. குத்திக்கும்."

நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன். அவர் முகம் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

"நேத்தே ஒடைஞ்சிருச்சா?" என்றார் ஊசியைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா அத்தை."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சு. நீங்க எங்கிட்ட பேசவே மாட்டேங்கறீங்களே."

அவர் தையலை நிறுத்தினார். "நான் இன்னா பேசறது. வாயத் தொறந்தா நீ 'சரிங்கத்தை'ன்னு எழுந்து போயிடற. புடிக்கலயோன்னு நானும் வுட்டுட்டேன்."

நான் மரியாதை என்று நினைத்துச் செய்ததெல்லாம் அவருக்கு வெறுப்பாகத் தெரிந்திருக்கிறது. அவர் ஒதுங்கியதெல்லாம் எனக்குக் கோபமாகத் தெரிந்திருக்கிறது. அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கை தூக்கினால் கிதார் தலை என் காதில் இடித்தது. அத்தைதான் துடைத்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

ஆட்டோவில் நான் நடுவில் உட்கார, கிதார் அத்தை மடிவரை நீண்டது. போகிற வழியெல்லாம் அவர் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டே வந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

கோயிலை ஒட்டிய ஹாலில் பாகூர்க்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒல்லியாக, கூர்மையான கண்களோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் பாட்டு. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்தார். என் கை ஒட்டியிருந்தது கிதாரின் மேல்பக்க இடுப்பில். நான் நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அத்தைக்குப் பின்னால் நின்று, அவர் தோளின் மேல் கையைப் போட்டு, உள்ளங்கையைக் கிதாரில் வைத்தபடி நின்றேன்.

மாமியார் தோளில் கை போட்டு நிற்கும் மருமகளை அந்த ஹாலில் யாரும் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள். கசமுசவென்ற பேச்சு நின்றது. அத்தை மாதா பாட்டை வாசித்துக்கொண்டே பாடினார். கிதாரின் அதிர்வு என் கை வழியாக ஏறித் தோள்பட்டைவரை வந்தது. எனக்கு முதுகு வலித்தது, ரவிக்கைத் தையல் உறுத்தியது, மூக்கு அரித்தது. அசைந்தால் பாட்டு கெட்டுவிடும். அதனால் அத்தையின் தலை உச்சியையே உருக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த உருக்கம் முழுக்க மூக்கு அரிப்பால் வந்தது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா? மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். இவ்வளவு நேரம் கிதாரையும் பிடித்துக்கொண்டு நின்றாயே, கீழே வையேன்மா என்றார். அத்தையுடைய கிதார், கீழே வைக்க மனசு வரவில்லை என்றேன் (அந்த நிமிடம் அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை, கைதான் வரவில்லை என்பதைத் தவிர). அவர் நெகிழ்ந்துபோய் மாப்பிள்ளையின் தாய்மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த நல்ல மனிதர், பெண்பிள்ளை சுமந்துகொண்டு நிற்கிறதே என்ற இரக்கத்தில், கொடுங்கம்மா என்று கிதாரின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். நான் அவரோடு நடந்தேன். வேறு வழி? அவர் சங்கடப்பட்டு இன்னும் வேகமாக வாங்கிக்கொள்ளப் பார்த்தார். நானும் வேகமாக நடந்தேன். அதற்குள் நாற்காலி ஒன்று குறுக்கே வந்தது. நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை.

பர்ர்ர் என்று ஒரு சத்தம். சுத்தம் செய்யாத பள்ளத்தில் ஒட்டிய பட்டை, தன் சொரூபத்தைக் காட்டியது. இடுப்பில் கிளம்பி, தோள்பட்டை சுற்றி, அடிப்பக்கம் சுற்றி, தாய்மாமா போகப் போக அவிழ்ந்துகொண்டே வந்தது. கடைசியில் கிதார் அவர் கையில் இருந்தது. என் உள்ளங்கையில் மரத்தூளும் கொஞ்சம் பாலிஷும் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து வெள்ளைப் பட்டை வால் மாதிரி ஹாலின் நடுவில் நீண்டு கிடந்தது.

தாய்மாமா தான்தான் கிதாரைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து வெளிறிப்போனார். அப்போது பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அந்தோணியே அவ்வளவாகப் பார்த்ததில்லையாம். மூச்சு வாங்க வாங்க, குழாயடியிலிருந்து ரவிக்கைவரை எல்லாவற்றையும் அவரே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஒன்றைக்கூட விடவில்லை. பேசாத மனுஷி என்று யார் சொன்னது.

மாப்பிள்ளையின் அம்மா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வூட்ல மாமியாரும் மருமவளும் ஒட்டவே மாட்டாங்கன்னு எங்கிட்ட சொன்னாங்க" என்றார். பட்டையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, "சொன்னவங்கள இப்ப இட்டாந்து காட்டணும்" என்றார்.

அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அந்தோணி பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். கையில் ஒரு சாண் வாலோடு நான் பந்தியில் பிரியாணி பரிமாறினேன்.

கிதாரை மறுபடி நானேதான் சரி செய்தேன். இந்த முறை உண்மையான பைண்டிங் பட்டை வாங்கி, பள்ளத்தைச் சின்ன உளியால் மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, டிரிம்மர் பக்கமே போகாமல். சவர பிளேடின் இரண்டு பக்கமும் டேப் சுற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் கூர் விட்டு, அதைக்கொண்டு இழுத்து இழுத்துச் சீவினேன். பிளேடு மரத்தைத் தொடாது, பட்டையில் மட்டும் நகச் சீவல் மாதிரி சுருள் சுருளாக எழும்பும். தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கும் வேலை. அத்தை எதிரில் உட்கார்ந்து கிதாரைப் பிடித்துக்கொள்வார். நான் சீவுவேன். அவர் பேசுவார். கான்வென்ட் கதை, மாமனார் கதை, அந்தோணி சின்ன வயதில் செய்த அட்டூழியம். வேலை முடிந்த பிறகும் நாலு நாள் முடியாத மாதிரி இழுத்தேன்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி அத்தையிடம் கொடுத்தார். அத்தை முத்தம் கொடுத்துவிட்டு என் கட்டிலுக்கு வந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"மொதல்ல கை காட்டு" என்றார்.

திருப்பிக் காட்டினேன். இரண்டு உள்ளங்கையையும் நிதானமாகப் பரிசோதித்த பிறகுதான் என் மகளை என்னிடம் தந்தார். அந்த நர்ஸுக்கு நாங்கள் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று விளங்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் அது சட்டமாகிவிட்டது. பாகூரிலிருந்து பிரின்சி வந்தால் காபி டம்ளரை நீட்டும் முன் "அண்ணி, கை" என்பாள். அவள் புருஷன் பைக் சாவியைத் தரும்போதும் அதே பேச்சு. தாய்மாமா மட்டும் என்னிடமிருந்து இதுவரை எதையும் கையில் வாங்கியதில்லை, அங்கேயே வைத்துவிடும்மா என்று சொல்லிவிடுவார்.

என் மகள் இப்போதுதான் பேசப் பழகுகிறாள். நான் தூக்கப் போனால் அவளும் முதலில் என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் மேலே தாவுகிறாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அம்மாவிடம் போவதற்கு முன் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.